பொருள்: ‘சரிசெய்யும் மேசையைச் சரிசெய்தோம்’ – சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

என் மகளுக்குப் பதினொரு வயது. சனிக்கிழமை இங்கே தமிழ் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசவேண்டும். எங்கள் பழைய பாய்மரப் படகின் மேசையை நாங்கள் இருவரும் சேர்ந்து பழுதுபார்த்ததைப் பற்றிப் பேசப்போகிறாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டோம்: “உயரத்தைச் சரிசெய்யும் மேசையைச் சரிசெய்தோம்.” இரண்டு வேலைக்கும் ஒரே சொல்.

படகு 1970-களில் கட்டியது, 26 அடி, கண்ணாடியிழை உடல். உள்ளறையில் இரு இருக்கைகளுக்கு நடுவே ஒற்றைக்கால் மேசை. கால் என்பது ஒன்றுக்குள் ஒன்று சொருகிய இரண்டு அலுமினியக் குழாய்கள். பக்கத்துப் பிடியைத் தளர்த்திப் பலகையை இறக்கினால், அது இருக்கைகளின் விளிம்புச் சட்டத்தில் உட்காரும். மேலே மெத்தையைப் போட்டால் இருவர் படுக்கலாம். பிடியில் இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். வெள்ளைப் பொடி இடுக்கெல்லாம் அடைத்துக் குழாய் இறுகிவிட்டது. இரண்டு இரவு எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். அப்புறம் வெளிக்குழாயில் மட்டும் கொதிநீர் ஊற்றி, உள்குழாய் சூடாகும் முன்பே மரச்சுத்தியால் தட்டினோம். அசைந்தது! நைலான் வளையம் புதிதாகப் போட்டு, போல்ட்டுக்குக் கம்பளிக்கொழுப்பு கிரீஸ் தடவி மாட்டினோம்.

இந்த மேசைக்கு என்ன பெயர் சொல்லலாம்?

– சௌத்தாம்ப்டனிலிருந்து

* * *

அன்புள்ள தம்பி,

‘தாழ்மேசை’ என்று வையுங்கள். வினைத்தொகை, தாழ்ந்த, தாழ்கின்ற, தாழும் என்று முக்காலமும் அடங்கும். தாழ்சடை, தாழ்குழல் என்னும் வழக்குகளைப் பாருங்கள், நீண்டு இறங்குவதைத்தான் குறிக்கின்றன. அதோடு ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்ற குறளில் வரும் தாழும் இருக்கிறது, இன்றைய தாழ்ப்பாள். இறங்குவதும் இறங்கிய இடத்தில் பிடித்து நிற்பதும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. இதைவிடப் பொருத்தம் வேறென்ன? மேசை போர்த்துகீசியச் சொல். என் விருப்பம் ‘தாழ்பலகை’.

– தஞ்சாவூர்

* * *

ஐயா, மேசையை விடுவதென்றால் சாவி, அலமாரி, சன்னல் எல்லாவற்றையும் விடவேண்டும். எல்லாம் அதே போர்த்துகீசர் கொண்டுவந்தவை. நம் கட்டுமரத்தை ஐரோப்பியர் ‘கட்டமரான்’ என்று கொண்டுபோய், இன்றைக்கு இரட்டை உடல் படகுக்கெல்லாம் அதுவே பெயர். கடல்வழியே சொல் போகும், வரும். இதில் குறை காண எதுவும் இல்லை.

சிக்கலின் பாதி எங்களிடம் இல்லவே இல்லை. இங்கே வாகனம் என்றாலும் வானொலி என்றாலும் ‘திருத்துவோம்’. பிள்ளை “சரிசெய்யும் மேசையைத் திருத்தினோம்” என்று சொல்லட்டும்.

– யாழ்ப்பாணம்

* * *

‘தாழ்மேசை’ என்றால் உயரம் குறைந்த மேசை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஏறுகிற பாதி அதில் இல்லையே. மேலும் இந்த மேசையில் மாறுவது கால்தான், பலகை இல்லை. காலுக்குப் பெயர் வைத்தால் மேசை தானே விளங்கும். எங்கள் கரையில் கடல் பின்வாங்கினால் ‘உள்வாங்கிவிட்டது’ என்போம். குழாயும் உள்வாங்குகிறது. ‘உள்வாங்குகால் மேசை’ என்பது என் பரிந்துரை. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை, அதனால் நடுவில் ‘க்’ வராது; தயவுசெய்து யாரும் ‘உள்வாங்குக்கால்’ என்று திருத்தவேண்டாம்.

– கன்னியாகுமரி

* * *

அனைவருக்கும் நன்றி. நாளை பேச்சு, அதனால் முடித்துக்கொள்கிறேன்.

‘திருத்தினோம்’ எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் வகுப்பில் தமிழகத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திருத்துவது என்றால் ஆசிரியை சிவப்புப் பேனாவால் செய்வது. இரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்கியது ‘பழுதுபார்த்தோம்’. ‘உள்வாங்குகால்’ அழகான சொல். குழாயைக் காட்டி மகளிடம் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டாள். ஆனால் படகைப் பார்க்காத பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டவேண்டியிருக்கும்.

தனிமடலில் நான்கு பேர் ‘ஏற்றிறக்கு மேசை’ என்று எழுதியிருந்தார்கள். கை செய்கிற வேலை அப்படியே சொல்லில் இருக்கிறது. சரி, அதையே வைத்துக்கொண்டோம். “எங்கள் படகில் ஏற்றிறக்கு மேசை பழுதானது, நானும் அப்பாவும் பழுதுபார்த்தோம்” என்று தொடங்குகிறாள். ‘உள்வாங்குகால்’ இரண்டாம் பத்தியில், குழாய் வருமிடத்தில் இருக்கிறது.

– சௌத்தாம்ப்டன்

* * *

தம்பி, குழந்தைக்கு என் வாழ்த்து. ஆனால் ‘ஏற்றிறக்கு’ என்று காதில் விழுந்ததும் எனக்கு விலைவாசியின் ஏற்ற இறக்கம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மேசை ஏறி நிற்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தானே? இரவு முழுவதும் தாழ்ந்தே கிடக்கிறது. குழுமத்தின் சொற்பட்டியலில் ‘தாழ்மேசை’யையும் ஒரு மாற்றாகச் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– தஞ்சாவூர்