டர்பன் சொந்தக்காரர் தேடும் ஊர் எங்கள் புத்தூர்தானா?

நகரி வாசி:
எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி கரும்புத் தோட்டக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் வழிப் பேரன் என்று டர்பனிலிருந்து ஒருவர் கப்பல் பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். 1890, முனுசாமி, ஊர் புத்தூர். ஆனால் ஜில்லா வட ஆற்காடு என்றிருக்கிறது. ஆந்திராவில் நகரி பக்கத்து எங்கள் புத்தூரோ 2022 வரை சித்தூர் மாவட்டம். அப்போ இது வேறு ஆளா? எம்.ஆர்.ஓ. (தாசில்தார்) ஆபீஸில் அந்தக் காலத்துப் பட்டா கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள்.

பாலக்காட்டான்:
சித்தூர் எங்கள் பக்கமும் உண்டே, தமிழர்களும் நிறைய. இங்கேயும் தேடலாமா?

திருத்தணி சர்வேயர் (ஓய்வு):
பாலக்காட்டுச் சித்தூர் அப்போது கொச்சி சமஸ்தானம். பதிவேடு வட ஆற்காடு என்று சொல்லும்போது அங்கே போக வேண்டாம்.

நகரி சார், சித்தூர் மாவட்டம் பிறந்ததே 1911 ஏப்ரல் 1-ல். அதற்கு முன் உங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் வட ஆற்காடுதான். ஆக ஜில்லா பொருந்துகிறது. புத்தூர்தான் தொல்லை, எத்தனை புத்தூர் இருக்கிறது! ஊருக்கு முந்தின கட்டத்தில் தாணா (போலீஸ் ஸ்டேஷன் வட்டாரம்) என்று இருக்கும். மதராஸ் ஆட்களுக்கு அங்கே பெரும்பாலும் தாலுகா பெயரை எழுதியிருப்பார்கள். கார்வேட்டிநகர் என்றிருந்தால் உங்கள் புத்தூராக இருக்க வாய்ப்பு அதிகம். நகரி, புத்தூர், திருத்தணி எல்லாம் அந்த ஜமீன்தான்.

பட்டா கிடைக்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஜமீன் கிராமங்களில் அரசாங்க ரயத்துவாரி செட்டில்மென்ட் (நிலத்தை அளந்து விவசாயி பெயரிலேயே வரி போடுவது) நடந்தது 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். 1890-க்கு அந்த ஆபீஸில் நிற்பது வீண். இன்னொன்று, 1960-ல் திருத்தணியோடு பல கிராமங்கள் மதராஸ் மாநிலத்துக்கு வந்துவிட்டன. ஊர் எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கலாம்.

டர்பன் மருமகள்:
நேட்டால் பதிவேடுகளில் பெயரை வைத்துத் தேடாதீங்க அண்ணா. இங்கிலீஷ் எழுத்தில் முனுசாமி என்ன ஆகியிருப்பாரோ! ஆளுக்கொரு காலனி நம்பர் உண்டு. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் இறங்கினவர்கள் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர். கல்யாணம், சாவு எதுவானாலும் பதிவில் அந்த நம்பரைத்தான் போட்டிருப்பார்கள். கப்பல் பட்டியலில் அப்பா பெயர், வயது, சாதி, உயரம், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் வரும். அப்பா பெயர் உங்கள் வீட்டுப் பெயரோடு ஒத்துப்போகிறதா?

நகரி வாசி:
அவர் அனுப்பியது பாதிப் படம், நம்பரும் அப்பா பெயரும் வெட்டுப்பட்டிருக்கின்றன. முழு வரியையும் கேட்டு எழுதிவிட்டேன். எங்கள் கணக்குப்படி அப்பா பெயர் சின்னப்பனாக இருக்க வேண்டும். அதற்குள் பெரியப்பாவிடம் வம்ச வரிசையை எழுதி வாங்கிவிடுகிறேன், அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

திருத்தணி சர்வேயர் (ஓய்வு):
பங்காளிகள் பெயரையும் குலதெய்வத்தையும் விடாமல் கேளுங்கள். அந்தக் குலதெய்வக் கோயில் எந்தப் புத்தூரில் இருக்கிறது என்பதையும்.