திருமலையிலிருந்து போய்த் திரும்பாத நீர்மூழ்கி

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கடற்கரையில் இருக்கும் கடற்படை நினைவிடத்துக்குப் போயிருந்தேன். உலகப் போர்களில் கடலில் மாண்டு, உடல் கிடைக்காதவர்களின் பெயர்களை வெண்கலப் பலகைகளில் பொறித்திருக்கிறார்கள். நான் தேடிப் போனது ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர்களை. 1944 பெப்ரவரி 25 அன்று எங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்துதான் அது புறப்பட்டது. சுமத்ராவின் வடக்கிலும் நிக்கோபார்ப் பக்கத்திலும் ரோந்து போக வேண்டும் என்பது கட்டளை. மார்ச் 20 ஆகியும் திரும்பவில்லை. ஐம்பது பேர் அளவில் இருந்திருப்பார்கள், ஒருவர்கூட மிஞ்சவில்லை. கண்ணிவெடியில் பட்டிருக்கலாம் என்கிறார்கள், உறுதியான காரணம் இன்றுவரை கிடையாது.

அங்கே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. பிரித்தானியக் கடற்படையில் ஒவ்வொரு மாலுமியும் போர்ட்ஸ்மவுத், பிளிமவுத், சாதம் என்ற மூன்று துறைமுகங்களில் ஒன்றின் கணக்கில் இருந்தார். நினைவுப் பலகையும் அந்தக் கணக்குப்படிதான். ஒரே இரும்புக் குழாய்க்குள் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் படுத்து, ஒன்றாகவே செத்தவர்களின் பெயர்கள் மூன்று ஊர்களில் பிரிந்து கிடக்கின்றன. எனக்கு அது தாங்கவில்லை.

ஸ்டோன்ஹெஞ்ச் மட்டுமில்லை. அதே ஆண்டு நவம்பரில் திருமலையிலிருந்து போன ஸ்ட்ராடஜம் என்ற நீர்மூழ்கி மலாக்கா நீரிணையில் மூழ்கியது. தப்பி வெளியே வந்தவர்களில் 8 பேரை யப்பானியர் பிடித்தார்கள், வீடு திரும்பியது 3 பேர்தான். 1945 ஜனவரியில் போன போர்ப்பஸும் வரவில்லை. அந்தப் போரில் பிரித்தானியா கடைசியாக இழந்த நீர்மூழ்கி அது.

என் அப்பப்பா அந்த நாட்களில் திருமலை டொக்யார்டில், அதாவது கடற்படைக் கப்பல் தளத்தில், வேலை செய்தவர். இந்தப் பொடியன்கள் கரையில் நடந்ததை அவர் கண்டிருப்பார். கேட்க வேண்டிய வயதில் நான் கேட்கவில்லை.

நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க் கல்லறைகள் எல்லோருக்கும் தெரியும். அந்த வழியாகத்தானே பள்ளிக்கூடம் போனோம். ஆனால் கடலோடு போன இவர்களுக்கு அங்கே கல் இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்காகக் கரையில் காத்திருப்பது எப்படி என்று எங்கள் வீடுகளுக்கும் தெரியும்.

மார்ச் மாதம் ஊருக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். 20ஆம் திகதி காலையில் எங்கள் கரையில் கொஞ்சம் பூ விட வேண்டும். செலவை நான் அனுப்புகிறேன். டொக்யார்டில் வேலை செய்த பெரியவர்கள் சொன்ன கதை ஏதும் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் எழுதுங்கள்.