அம்பாந்தோட்டையில் ஒரே ஒரு பகல், கப்பலில் வரும் சித்தியைக் கொஸ்லந்தை வரை கூட்டிவரலாமா?

கேட்பது: மலர், பண்டாரவளை

எல்லோருக்கும் வணக்கம். பாதை தெரிந்தவர்களும் கப்பலில் போய்வந்தவர்களும் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எங்கள் சித்தி கோத்தகிரியில் இருக்கிறார். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாத்தா பாட்டியோடு சின்னப் பிள்ளையாகத் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர். அம்மா அதற்கு முன்பே கல்யாணம் முடித்திருந்ததால் இங்கேயே நின்றுவிட்டார். அன்றைக்குப் பிரிந்த அக்காவும் தங்கச்சியும் இன்னும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை, போனில் முகம் பார்த்துப் பேசுவதோடு சரி. இப்போது சித்தியின் மகன் பெண்சாதி, இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் வருகிறான், சித்தியும் கூட வருகிறார். காலை 8 மணிக்கு அம்பாந்தோட்டை, மாலை 5.30க்குள் எல்லோரும் திரும்பக் கப்பலில் இருக்க வேண்டுமாம்.

சித்திக்குப் பிறந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும். கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 மண்சரிவில் அங்கே என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. லயம், நாங்கள் இருந்த வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனது சித்திக்கும் தெரியும், டிவியில் பார்த்து அழுதவர்தான். இருந்தாலும் அந்த மலையையாவது ஒருதரம் பார்க்க வேண்டும் என்கிறார். தம்பி பெண்சாதிக்கு எல்ல என்ற ஊரும் அங்கே உள்ள ஒன்பது வளைவு ரயில் பாலமும், பிள்ளைகளுக்கு யானை. அம்மாவுக்கோ முழங்கால் வலி, தங்கச்சி வருகிறாள் என்றதிலிருந்து தூக்கமும் இல்லை.

அவர்களை மேலே ஏற்றுவதா, நாங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அம்பாந்தோட்டைக்கு இறங்குவதா? ஒரு பகலுக்குள் எதுதான் முடியும்?

---

பதில்: வெல்லவாய வேன்காரர்

தங்கச்சி, இந்தப் பாதையில்தான் என் பிழைப்பே, அதனால் நேராகச் சொல்கிறேன். அம்பாந்தோட்டையிலிருந்து தணமல்வில வழியாக வெல்லவாய வர இரண்டு மணித்தியாலம் வையுங்கள். பாதை நல்ல பாதை, சமவெளி. வெல்லவாயவில்தான் பிரியும். ஒரு பக்கம் எல்லக்கு ஏறும், மற்றப் பக்கம் தியலும நீர்வீழ்ச்சி, கொஸ்லந்தை, பேரகல என்று போகும். இரண்டையும் ஒரே பகலில் பார்க்க நினைக்க வேண்டாம். எல்ல வேண்டுமென்றால் கொஸ்லந்தை இல்லை, கொஸ்லந்தை வேண்டுமென்றால் எல்ல இல்லை.

கப்பல் 8 மணிக்கு வந்தாலும் ஆட்கள் இறங்கி வேனில் ஏற 9, 9.30 ஆகிவிடும். 11.30 வெல்லவாய. கொஸ்லந்தைக்கு 12.15. அங்கே ஒன்றரை மணித்தியாலம் இருந்துவிட்டு 1.45க்கு இறங்கினால் 4.30 அளவில் துறைமுகத்தில் விடலாம். அதற்கு மேலே இழுக்காதீர்கள். எல்லப் பாதையில் 2025 செப்டம்பரில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது எல்லோருக்கும் தெரியும். இறக்கத்தில் நேரத்தைப் பிடிக்கிறேன் என்று ஓட்டுகிற வேலையே வேண்டாம், நானும் ஓட்டமாட்டேன்.

மழை நாளென்றால் கொஸ்லந்தைத் திட்டத்தை விட்டுவிடுங்கள். பின்னேர மழை பெய்தால் மண்சரிவுக்குப் பாதையை எப்போது மூடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

---

பதில்: கப்பல் தம்பி, ஹட்டன்

அக்கா, நான் கப்பலில் சமையல் பகுதியில் வேலை செய்தவன். முக்கியமான விஷயம் இது. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், அந்த பஸ் பிந்தினாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக வேன் பிடித்துப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. ஏணியை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், அடுத்த துறைமுகத்துக்கு நீங்களாகத்தான் போய்ப் பிடிக்க வேண்டும். 5.30 என்றால் கப்பலுக்குள் இருக்க வேண்டிய நேரம் அது, துறைமுக வாசலுக்கு வரும் நேரம் இல்லை. வாசலிலிருந்து கப்பலடிக்குப் போகவும் நேரம் பிடிக்கும்.

நம்ம வேன் துறைமுகத்துக்குள்ளே போக முடியாது, எந்த வாசலில் நிற்பது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் தினமும் ஒரு தாள் தருவார்கள், அதில் துறைமுக ஏஜெண்டின் போன் நம்பர் இருக்கும். அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள். கப்பல் அட்டையோடு பாஸ்போர்ட் கொப்பியும் கையில் இருக்கட்டும், இலங்கையில் இறங்க என்ன அனுமதி வேண்டும் என்பதைச் சென்னையிலேயே கேட்டு முடித்துவிட வேண்டும். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம், கடிகாரத்தில் குழப்பம் வராது.

---

பதில்: ரதி, அப்புத்தளை

மலர், நீ எழுதியதை வாசித்ததும் எனக்கு என் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவர் வால்பாறைக்குப் போனவர், திரும்பி வராமலே போய்ச் சேர்ந்தார். இந்த ஒரு பகலை வேன் ஜன்னலுக்குள்ளேயே கழிக்க விடாதே.

நான் என்றால் இப்படிச் செய்வேன். அம்மாவை நீ காலையிலேயே பேரகல வழியாகக் கொஸ்லந்தைக்கு இறக்கிக் கொண்டுபோ, அவருக்கு அது கிட்ட. சித்தியை வேன் கீழேயிருந்து ஏற்றி வரட்டும். யாராவது சொந்தக்காரர் வீட்டில் பாய் போட்டு உட்காரட்டும். மீரியபெத்தை ஆட்களுக்கு வீடு கொடுத்தது பூனாகலைப் பக்கம் மகல்தெனியாவில், அது இன்னும் மேலே, அன்றைக்கு அவ்வளவு தூரம் போக நேரம் வராது. அங்கே இருக்கிற சொந்தங்களைக் கீழே வரச் சொல். மலையைக் கொஸ்லந்தைப் பக்கம் நின்றே காட்டு, மேலே ஏற்றாதே. அதுவே சித்திக்குப் போதுமானதுக்கு மேலே இருக்கும்.

ரொட்டியும் கட்டசம்பலும் கட்டிக்கொண்டு போ, கருவாட்டுக் குழம்பும். கோத்தகிரியிலும் தேயிலை இருக்கிறதுதான், ஆனாலும் கொழுந்து வாசம் வீசுகிற இடத்தில் அக்கா கையால் ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும். சமைத்த சாப்பாட்டைக் கப்பலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று கேள்வி, மூடிய தேயிலைப் பக்கெட் கொடுத்துவிடு. பிள்ளைகளுக்குத் தியலுமவைக் காட்டுங்கள், 220 மீற்றர், பாதையோரமாகவே தெரியும், வேனை நிறுத்திப் பத்து நிமிஷம் பார்த்தால் போதும்.

---

மலர், பண்டாரவளை:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கொஸ்லந்தைதான் என்று முடிவாகிவிட்டது. தம்பி பெண்சாதியிடமும் பேசினேன், எல்லக்கு இன்னொரு தரம் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கச் சொல்லியிருக்கிறேன், அவளுக்கும் சரிதான்.

வேன்கார அண்ணே, அன்றைக்கு உங்கள் வேன் கிடைக்குமா? சித்திக்கு வளைவில் தலை சுற்றும், முன் ஸீட் வேண்டும். மழை என்றால் நாங்களே அம்மாவோடு அம்பாந்தோட்டைக்கு இறங்குகிறோம், அதையும் சேர்த்து வாடகை எவ்வளவு என்று சொல்லுங்கள்.

---

வெல்லவாய வேன்காரர்:

வேன் இருக்கிறது தங்கச்சி, முன் ஸீட் சித்திக்குத்தான். முதல் நாள் ராத்திரி 8 மணிக்குக் கூப்பிடுங்கள், மேலே மழை எப்படி என்று பார்த்துவிட்டு ஏறுவதா இறங்குவதா என்று அப்போது முடிவெடுப்போம். வாடகையைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.