புதுப்பிப்பு: மாற்றுத்திறனாளிகள் வரும் கதைகளுக்கான வாசிப்பு வட்டம், எது பலித்தது

மாற்றுத்திறனாளிகள் முக்கியப் பாத்திரமாக வரும் புத்தகங்களை வாசிப்பு வட்டத்துக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, அமெரிக்க நூலகச் சங்கத்தின் வழியாக 2004 முதல், மாற்றுத்திறனாளிகளின் அனுபவத்தைச் சொல்லும் சிறார், இளையோர் புத்தகங்களுக்குத் தரப்படும் ஷ்னைடர் குடும்பப் புத்தக விருதுப் பட்டியலிலிருந்து தொடங்கச் சொன்ன யோசனைதான். நானாகத் தேடியிருந்தால், கடைசிப் பக்கத்தில் அதிசயமாகக் குணமாகிவிடும் கதைகளைத்தான் எடுத்திருப்பேன்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று: நான் அனுப்பிய பிடிஎஃப் வெறும் ஸ்கேன் படம், பார்வையற்ற உறுப்பினரின் திரைவாசிப்பானுக்கு (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) அதில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை (மாற்றுத்திறனாளிகளுக்கான வட்டம் என்று பெயர் வேறு!). அப்புறம் அதே புத்தகத்தை ஈபப் கோப்பாக (எழுத்துகள் எழுத்தாகவே இருக்கும் மின்நூல் வடிவம்) வாங்கியதும் சரியாகப் படித்தது.

சக்கர நாற்காலியில் வரும் நண்பர் முதல் கூட்டத்திலேயே, கதையில் வரும் பெண்ணைப் பற்றி, "இந்தப் பொண்ணு ஏன் ஒரு தடவைகூடக் கோபப்படல?" என்று கேட்டார், மீதி நேரம் முழுக்க அந்தப் பேச்சுதான்.