பக்கத்து வீட்டுல தினமும் சத்தம், போன் பண்ணலாமா?

ஈசூன்வாசி:
தெரிஞ்சவங்க சொல்லுங்க. பக்கத்து யூனிட்ல ஊர்லேர்ந்து கல்யாணமாகி சிங்கப்பூர் வந்த பொண்ணு, இங்க தங்குறது லாங் டேர்ம் பாஸ்லதான். அடிக்கிற மாதிரி தெரியல, ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு மேல புருஷன் கத்துறது காரிடார் பூரா கேக்குது, போனை வாங்கி வச்சுக்குறாராம், கையில பத்து வெள்ளி கூட குடுக்குறதில்ல. நேத்து கறிவேப்பிலை கேட்டு வந்துச்சு, குடுத்தும் போகாம கேட்டைப் புடிச்சுக்கிட்டே நிக்குது, "போலீஸுக்குப் போனா ஊருக்கு அனுப்பிருவாங்களாமேக்கா"ன்னு. காயம் இல்லாம பிபிஓ (குடும்ப வன்முறை பண்ணக் கூடாதுன்னு கோர்ட் குடுக்குற பாதுகாப்பு ஆணை) கிடைக்குமா? சிட்டிசன் இல்லாதவங்களுக்கு உண்டா?

மாமா65:
புருஷன் பொண்டாட்டி விஷயம்மா. நாளைக்கு அவங்க ராசியாயிடுவாங்க, உனக்குத்தான் கெட்ட பேரு.

தேக்காபொண்ணு:
மாமா, எங்க அத்தையும் இதையேதான் நாலு வருஷமா சொன்னாங்க. நான் பிபிஓ எடுத்தவ. அடி இல்லன்னா கேஸே இல்லன்னு நம்ம ஆளுங்க இன்னும் நினைக்கிறாங்க, மாதர் சாசனம்ங்கிற சிங்கப்பூர் சட்டத்தைத் திருத்தி 2025 ஜனவரி 2லேர்ந்து மிரட்டுறது, மனசளவுல வதைக்கிறது எல்லாமே குடும்ப வன்முறைன்னு தெளிவா போட்டாச்சு. 18 வயசு ஆனாலே தானா விண்ணப்பிக்கலாம், முன்னாடி 21. அப்புறம் ஆர்டர் குடுத்தா அவரை உள்ள தள்ளிருவாங்கன்னு ஒரு பயம், அதுவும் இல்ல, மீறினாத்தான் தண்டனை: 10,000 வெள்ளி வரை ஃபைன், இல்ல 12 மாசம் வரை ஜெயில், ரெண்டுமே கூட போடலாம். என் ஆர்டரை மைலோ டின்னுக்குள்ளதான் வச்சிருந்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் வந்து கேட்டை உதைச்சாரு, கிரில் வழியா அந்தப் பேப்பரைக் காட்டினேன், பேசாம லிஃப்ட்டுக்குப் போயிட்டாரு. எல்லாருக்கும் இப்படி நடக்காது, அதையும் சொல்லிடறேன்.

தொண்டூழியர்:
பிபிஓ கேக்க சிட்டிசனா இருக்கணும்னு சட்டம் சொல்லல. பாஸ் கவலை வேற கதை, அதை முதல்லயே சோஷியல் வொர்க்கர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. குடும்ப வன்முறைக்கான உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் எடுப்பாங்க, பக்கத்து வீட்டுக்காரங்களும் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்துன்னா போலீஸ் 999தான். என்னைக்கு, எத்தனை மணிக்கு, என்ன கேட்டுச்சுன்னு நீங்க ஒரு நோட்டுல எழுதி வைங்க, பின்னாடி உதவும். (எங்க லிஃப்ட் லாபில இந்த நம்பர் போஸ்டர் மேலயே கொசு மருந்து நோட்டீஸ ஒட்டி வச்சிருக்காங்க, என்னத்த சொல்ல.)

ஈசூன்வாசி:
ரொம்ப நன்றி. மெசேஜ்ல அனுப்பினா அவர் பாப்பாராம், அதனால மளிகைச் சீட்டு பின்னாடி நம்பரை எழுதி கறிவேப்பிலையோட சுத்திக் குடுத்துட்டேன்.