புதுப்பிப்பு: வளையலில் 22கே916, பழைய சங்கிலியில் 916 கேடிஎம், எதை நம்புவது?

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தங்க வளையலின் உள்பக்கம் முக்கோண முத்திரை, 22கே916 (22 காரட், அதாவது 91.6% தங்கம்), ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறி இருப்பதாகவும், அம்மாவின் சங்கிலியில் வெறும் '916 கேடிஎம்' மட்டும் இருப்பதாகவும் சொல்லி, எதை நம்புவது என்று கேட்டிருந்தேன்.

பி.ஐ.எஸ். கேர் (ஹால்மார்க் முத்திரைக்குப் பொறுப்பான இந்தியத் தர நிர்ணய அமைப்பின்) செயலியில் அந்த ஆறு இலக்கக் குறியைப் போட்டுப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கை கொடுத்தது. நகைக்கடை, சோதனை மையம், நகையின் வகை, தூய்மை எல்லாமே வந்தன, பில்லோடும் ஒத்துப்போனது. லென்ஸ் வைத்துப் படியுங்கள், பூஜ்யமும் 'ஓ'வும் ஒரே மாதிரி தெரியும்.

சங்கிலிக்குச் செயலி உதவாது, 2021 ஜூலைக்கு முந்தைய நகைகளில் இந்தக் குறியே கிடையாது. கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பற்றவைப்பைத்தான் சொல்கிறது, தூய்மை முத்திரை அல்ல. அதனால் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தோம். சங்கிலியின் கண்ணிகளில் கிட்டத்தட்ட 22 காரட், ஆனால் கொக்கி பற்றவைத்த இடத்தில் குறைவாகக் காட்டியது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே அளக்கும், அதனால் பழைய நகைக்கு ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், இரண்டு மூன்று இடம் கேளுங்கள்.