பத்து நாளாக மழையே இல்லை, ஸ்பிரிங்க்ளர் சென்சார் மட்டும் ‘மழை’ என்கிறது. உதவி தேவை

ஈசூன்_தரைவீடு:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வீட்டு முன்னால் சின்னப் புல்தரை, ஓரத்தில் அம்மா வைத்த கறிவேப்பிலை. டிசம்பரில் கொட்டும் மழையிலும் ஸ்பிரிங்க்ளர் சுற்றியதால் மழை சென்சார் வாங்கி நானே மாட்டினேன். அப்போது ஒழுங்காக நின்றது. இப்போது பிப்ரவரி, ஒரு தூறல்கூட இல்லை. ஆனாலும் கன்ட்ரோலரில் சென்சார் விளக்கு சிவப்பாகவே எரிகிறது. புல் பழுத்துவிட்டது. முழங்கால் வலியோடு அம்மா வாளியில் தண்ணீர் தூக்கி ஊற்றுகிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

குழாய்_வேலை:
தம்பி, முதலில் கன்ட்ரோலரில் சென்சார் பைபாஸ் சுவிட்சை, அதாவது சென்சாரைக் கணக்கில் எடுக்காமல் ஓடவிடும் சுவிட்சைத் தள்ளுங்கள். தண்ணீர் வந்தால் வால்வு, டைமர் எல்லாம் சரி, கோளாறு சென்சார் பக்கம்தான். அம்மாவும் இன்றே வாளியைக் கீழே வைக்கலாம்.

ஈசூன்_தரைவீடு:
தள்ளியதும் சுற்றுகிறது! நன்றி அண்ணே. அப்போ சென்சார் போய்விட்டதா? புதுசு வாங்கணுமா?

குழாய்_வேலை:
அவசரப்படாதீர்கள். உள்ளே இருப்பது வெறும் தக்கை வில்லைகள். மழையில் ஊறி உப்பி, ஒரு சின்ன சுவிட்சை அழுத்தும். வால்வுக்குப் போகும் 24 வோல்ட் இணைப்பு அறுந்துவிடும். காய்ந்து சுருங்கினால் மறுபடி சேரும். நம் ஊர் ஈரக்காற்றில் அது காய்வதே மெதுவு. ஆனால் பத்து நாள் என்பது அதிகம், எங்கிருந்தோ தண்ணீர் படுகிறது. எங்கே மாட்டினீர்கள்?

ஈசூன்_தரைவீடு:
பக்கச் சுவரில், ஏணி எட்டிய உயரத்தில். மேலே மாமரக் கிளை. எவ்வளவு மழைக்கு நிற்க வேண்டும் என்ற அளவை 3 மில்லிமீட்டரில் வைத்திருக்கிறேன்.

செம்பவாங்_அக்கா:
அந்தச் சுவரில் ஏர்கான் தண்ணீர்க் குழாய் இறங்குகிறதா, தம்பி? எங்கள் வீட்டிலும் இதே கதை. ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடும், சொட்டுச் சொட்டாகச் சென்சாரில் தெறிக்கும். பகலில் ஒன்றும் தெரியாது. படுக்கப் போகுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பச்சை_விரல்:
சென்சாரே வேண்டாம், வானிலைத் தகவல் பார்த்து ஓடும் வைஃபை கன்ட்ரோலர் போடுங்களேன்.

குழாய்_வேலை:
ஜூரோங்கில் கொட்டும்போது சாங்கியில் வெயில் அடிக்கும் ஊர் இது. உங்கள் புல்லில் விழுந்த மழையை உங்கள் வீட்டிலேயே அளப்பதுதான் நம்பகம். அக்கா சொன்னதைப் பாருங்கள் தம்பி. மாற்றுவதானால் வானம் திறந்த, காலை வெயில் படும் இடம். ஸ்பிரிங்க்ளர் தண்ணீரும் எட்டக் கூடாது. மூடியில் உள்ள காற்று வளையத்தை முழுக்கத் திறந்துவிடுங்கள், சீக்கிரம் காயும். அளவை 12-க்கு ஏற்றுங்கள். 3 மில்லிமீட்டர் மழைக்கெல்லாம் நின்றால் நம் வெயிலில் புல்லுக்குப் போதாது.

ஈசூன்_தரைவீடு (மூன்று நாள் கழித்து):
அக்கா, அதேதான்! குழாய் மூட்டில் கசிவு, சென்சார் மூடியில் பாசியே பிடித்திருந்தது. மூட்டை அடைத்து, சென்சாரைக் கேட் பக்கக் கம்பத்துக்கு மாற்றினேன். இரண்டாம் நாள் மதியம் விளக்கு அணைந்தது. பைபாஸையும் பழையபடி தள்ளிவிட்டேன். இன்று காலை 6 மணிக்குத் தானாகவே சுற்றியது. அம்மா உங்கள் இருவருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்.

குழாய்_வேலை:
சந்தோஷம் தம்பி. ஏப்ரலுக்கு மேல் விடியற்காலையில் சுமத்ரா காற்றோடு, அதாவது சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் பலத்த காற்றோடு மழை அடிக்கும். அப்படி ஒரு மழைக்குப் பிறகு விளக்கு சிவப்பாகிறதா, எத்தனை நாளில் அணைகிறது என்று பாருங்கள். அதை வைத்து 12-ஐக் கூட்டலாமா குறைக்கலாமா என்று முடிவு செய்யலாம்.